பழைய ஸ்டூடண்ட்ஸ ஆன்லைன்ல ஒண்ணா வச்சிருக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி பக்கம் ஒரு அரசு உதவி பெறும் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜோட முன்னாள் மாணவர் சங்கத்துல ஆன்லைன் வேலை பூரா என் தலையிலதான். மத்த காலேஜ் ஆளுங்க, நம்ம காலேஜ்லயே வேற டிபார்ட்மெண்ட் ஆளுங்கன்னு யாராவது ஒருத்தர் போன் போட்டு இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். எஞ்சினியரிங் காலேஜ், ஐஐடி மாதிரி சம்பளத்துக்கு ஆள் போட்டு அலும்னி ஆபீஸ் நடத்துற இடங்களுக்கு இது அவ்வளவா ஒத்து வராது, சொல்லிட்டேன்.

வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கே, அது போதாதா?

ஒரு பேட்சுக்கு போதும். 40 பேரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எவன் யாருகிட்ட ரெக்கார்டு நோட்டு வாங்கி காப்பி அடிச்சான்ங்கிறது வரைக்கும் தெரியும், அங்க குரூப் தானா ஓடும், சங்கம் அதுல தலையிடவே கூடாது. பிரச்சினை காலேஜ் முழுக்க ஒரே குரூப் போடும்போதுதான் வரும். ஒரு குரூப்ல 1024 பேருக்கு மேல சேர்க்க முடியாது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், 200 பேர் தாண்டினாலே காலைல குட் மார்னிங் படம், மத்தியானம் மருத்துவ குறிப்பு, ராத்திரி அரசியல்னு ஆகி உருப்படியான ஆளுங்க எல்லாம் மியூட் போட்டுட்டு போயிடுவாங்க. அதனால வாட்ஸ்அப் கம்யூனிட்டி போடுங்க. அட்மின் மட்டும்தான் அறிவிப்பு போட முடியும், அந்த அறிவிப்பு குரூப்ல மெம்பர் ஒருத்தரோட நம்பர் இன்னொரு மெம்பருக்கு தெரியாது. இந்த ரெண்டாவது விஷயத்துக்காகவே சேர்ந்த பொண்ணுங்க நிறைய. வாரத்துக்கு ஒரு அறிவிப்பு, மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கு மேல போட்டா நீங்களும் மியூட்தான்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜ பல பேருக்கு தனித்தனியா அனுப்புற வசதி) வேணாம். உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது போகும், அதுவும் ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான்.

ஆளுங்கள எங்க போய் தேடுறது?

லிங்க்ட்இன்ல உங்க காலேஜ் பேஜ்ல அலும்னின்னு ஒரு பகுதி இருக்கு, எந்த ஊர்ல இருக்காங்க, எந்த கம்பெனியில இருக்காங்கன்னு பிரிச்சு காட்டும். அதுல கிடைக்கிறது பெரும்பாலும் பெங்களூர், சென்னை ஐடி ஆளுங்க. 50 வயசு தாண்டினவங்க ஃபேஸ்புக்ல இருக்காங்க. சங்கரன்கோவில் பக்கம் வாத்தியாரா இருக்கிறவரும் தென்காசியில மளிகைக்கடை வச்சிருக்கிறவரும் இந்த ரெண்டுலயும் இருக்க மாட்டாங்க, ஆனா நம்ம மாதிரி காலேஜ்ல அவங்கதான் மெஜாரிட்டி.

அதுக்கு பழைய வழிதான். டிபார்ட்மெண்ட்ல கேட்டா பழைய நாமினல் ரோல் (கிளாஸ் பேர் பட்டியல்) எங்கயாவது ஒரு பீரோவுல கிடக்கும். அப்புறம் ஃபைனல் இயர் குரூப் போட்டோ, கீழ பேர் அச்சடிச்சிருக்கும் பாருங்க, அது. பேட்சுக்கு ஒரு பொறுப்பாளர் புடிங்க. பெரிய வேலையில இருக்கிற ஆள பொறுப்பாளரா போடணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அவருக்கு நேரமே இருக்காது. ஊர்லயே தங்கிட்டவரா பாருங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெடிக்கலோ ஜெராக்ஸ் கடையோ வச்சிருக்கிற ஆளு. ஊருக்கு வர்றவன் எல்லாம் அவரு கடை முன்னாடி நின்னுட்டுதான் போவான், எவன் எங்க இருக்கான், எவன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கான்னு மொத்தமும் அவருகிட்ட இருக்கும்.

இன்னொண்ணு, என்எஸ்எஸ் ஏழு நாள் கேம்ப் போனவங்க, ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவங்க, கபடி டீம், என்சிசி. பேட்ச் வழியா கிடைக்காதவங்க இந்த வழியில கண்டிப்பா கிடைப்பாங்க.

எங்க பேட்ச்ல படிச்ச பொண்ணுங்க யாரையுமே கண்டுபிடிக்க முடியல, என்ன செய்ய?

இது எல்லா காலேஜ்லயும் இருக்கிற பிரச்சினைதான். நாமினல் ரோல்ல 'எஸ். செல்வி'ன்னு இருக்கும், எஸ் அப்பா பேரு. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல் வந்து 'எம். செல்வி' ஆயிடும், ஃபேஸ்புக்ல 'செல்வி முருகன்'னு இருக்கும், இல்லன்னா புள்ளைங்க பேர்ல அக்கவுண்ட் இருக்கும். ஊரும் மாறி, நம்பரும் மாறியிருக்கும். நீங்க பேர போட்டு தேடுனா எங்க கிடைக்கும்.

ஒரு பொண்ணு கிடைச்சா போதும், அவங்க மூலமா பத்து பேர் கிடைப்பாங்க, பொண்ணுங்க தொடர்பு அந்த மாதிரி. ஆனா தேடுறதும் முதல் போன் பேசுறதும் ஒரு பொண்ணாத்தான் இருக்கணும். ஆம்பள குரல்ல 'உங்க கூட படிச்சவன் பேசுறேன்'னு போன் போனா சில வீட்டுல அந்த அக்காவுக்குதான் சங்கடம். கேக்காம குரூப்ல சேர்க்கவே கூடாது. பொண்ணுங்களுக்குன்னு தனி குரூப் வேணும்னு அவங்களே கேட்டா போட்டு குடுத்துட்டு வெளிய வந்துடுங்க. மகளிர் காலேஜ்ல இந்த தயக்கம் குறைவு, அங்க இனிஷியல் சிக்கல் மட்டும்தான்.

கூகுள் ஃபார்ம்ல என்னென்ன கேக்கலாம்?

கம்மியா கேளுங்க. படிக்கும்போது இருந்த பேரு, இப்போ இருக்கிற பேரு (ரெண்டும் தனித்தனியா, காரணம் மேல இருக்கு), டிபார்ட்மெண்ட், சேர்ந்த வருஷம், இப்போ இருக்கிற ஊரு, நம்பர். முடிச்ச வருஷம் கேக்காதீங்க, அரியர் வச்சு முடிச்சவங்க அந்த இடத்துல நின்னு யோசிச்சிட்டு ஃபார்மையே மூடிடுறாங்க. செல்ஃப் ஃபைனான்ஸ் (அரசு உதவி இல்லாம ஃபீஸ்லயே நடக்கிற கோர்ஸ்), ஷிஃப்ட் 2 ஆளுங்களுக்கு 'நம்மள எல்லாம் இவங்க காலேஜ் ஆளாவே நினைக்க மாட்டாங்க'ன்னு ஒரு எண்ணம் இருக்கு, அதனால ஷிஃப்ட் கேக்குற கட்டத்தயும் தூக்கிடுங்க.

யுனிவர்சிட்டி பேர கேட்டா எங்க பக்கம் குழப்பம்தான் மிஞ்சும். பாளையங்கோட்டை சேவியர்ஸ் காலேஜ் 1923-ல ஆரம்பிச்சது, அந்த மாதிரி பழைய காலேஜ்கள்ல முதல்ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி, 1966-ல மதுரை யுனிவர்சிட்டி வந்ததும் அது, 1990-ல மனோன்மணியம் சுந்தரனார் வந்ததும் இது. ஒரே கிளாஸ்ரூம்ல படிச்ச அப்பா, மகன், பேரன் மூணு பேர் சர்டிபிகேட்லயும் மூணு யுனிவர்சிட்டி பேர் இருக்கும்.

ஆதார், சம்பளம், சாதி இதெல்லாம் கேக்கவே கூடாது. வாங்கின விவரம் எதுக்குன்னு ஃபார்ம்லயே ரெண்டு வரி எழுதிடுங்க, 2023-ல தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்தாச்சு. எல்லார் நம்பரையும் போட்டு பிடிஎஃப் டைரக்டரி அடிச்சு விடுற பழக்கம் சில சங்கத்துல இன்னும் இருக்கு, அடுத்த வாரமே பிளாட் விக்கிறவங்க, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எல்லாம் போன் போட ஆரம்பிச்சிடுவாங்க, அதுல ரெண்டு பேர் நம்ம ஆளாவே இருப்பாங்க.

பியுசி (டிகிரிக்கு முந்தின ஒரு வருஷ படிப்பு) மட்டும் படிச்சவங்க, பாதியில நின்னவங்க, இவங்களையும் சேர்க்கணுமா?

கண்டிப்பா. தமிழ்நாட்டுல 1978-ல பிளஸ் டூ வர்ற வரைக்கும் பியுசி காலேஜ்லதான் நடந்துச்சு. ஒரு வருஷம்தான் படிச்சிருப்பாங்க, ஆனா அந்த அண்ணாச்சிகளுக்கு இருக்கிற பாசம் மூணு வருஷம் படிச்சவனுக்கு இருக்காது. அவங்க எல்லாம் இப்ப ரிட்டையர்டு, நேரம் இருக்கு, ஞாபகமும் இருக்கு, பழைய பேராசிரியர்கள் பத்தி எழுத சொன்னா பக்கம் பக்கமா எழுதுறாங்க. வீட்டு கஷ்டத்துல பாதியில நின்னவங்களும் அப்படித்தான், டிகிரி வாங்கலைங்கிற குறை மனசுல இருக்கிறதால அவங்களா வர மாட்டாங்க, நாமதான் கூப்பிடணும்.

பேஜ்ல என்ன போட்டாலும் லைக் கூட வரல. என்னதான் போடுறது?

என்ன போடுறீங்கன்னு முதல்ல பாருங்க. செமினார் தொடக்க விழா, பொன்னாடை, குத்துவிளக்கு, புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்து. 1994-ல பிஎஸ்சி முடிச்சு குவைத்ல இருக்கிற ஒருத்தருக்கு இந்த போட்டோவுல இருக்கிற ஒரு முகம் கூட தெரியாது, அவரு எதுக்கு லைக் போடணும்? நான் பாத்த வரைக்கும் ஆளுங்களுக்கு காலேஜ்ங்கிற நிறுவனத்து மேல பெருசா ஒட்டுதல் கிடையாது. அவன் செட்டு, அவனுக்கு பாடம் எடுத்த ரெண்டு மூணு சாரு, கேன்டீன், ஹாஸ்டல், பஸ் ரூட்டு, இவ்வளவுதான் அவனுக்கு காலேஜ். அத போடுங்க.

பழைய குரூப் போட்டோ ஒண்ண ஸ்கேன் பண்ணி (சின்ன போட்டோன்னா 600 டிபிஐ வைங்க, போன்ல ஃபோட்டோவுக்கு ஃபோட்டோ எடுத்தா டியூப்லைட் வெளிச்சம் அடிக்கும்) பேர் போடாம போட்டுட்டு 'ரெண்டாவது வரிசையில இடமிருந்து நாலாவது யாரு?'ன்னு மட்டும் கேளுங்க. கமெண்ட்ல ஒருத்தர் பேர் சொல்லுவாரு, இன்னொருத்தர் வந்து 'அவன் இல்ல, அவன் அன்னைக்கு லீவு'ன்னு சொல்லுவாரு, மூணாவது ஆள் சம்பந்தப்பட்டவரையே டேக் பண்ணிடுவாரு. ஒரே போட்டோவுல இது வரைக்கும் கிடைக்காத ஏழெட்டு பேர் கிடைச்சிருவாங்க. எந்த டிசைன் போஸ்டரும் இந்த வேலைய செய்யாது.

அடுத்தது குரல். ரிட்டையர்டு ஆன சார் வீட்டுக்கு ஒரு பழைய மாணவர் போய் அரைமணி நேரம் பேச விட்டு போன்லயே ரெக்கார்டு பண்ணுங்க. வீடியோன்னா சட்டை மாத்தணும், சேர் எங்க போடணும்னு அவங்க டென்ஷன் ஆயிடுறாங்க, ஆடியோன்னா இயல்பா பேசுறாங்க. அத நாலு நிமிஷம் நாலு நிமிஷமா வெட்டி விடுங்க. ஒரு தாவரவியல் சார் எந்த மாணவன் பேரையும் ஞாபகம் வச்சுக்க மாட்டாரு, ஆனா குற்றாலத்துக்கு ஃபீல்டு டிரிப் போனப்ப யாரு எந்த செடிய பறிச்சு ஹெர்பேரியம் ஷீட்ல ஒட்டுனாங்கன்னு வரிசையா சொல்லுவாரு. 'அந்த பெரணி பறிச்ச பையன்'னு அவரு சொன்ன ஆளு இப்போ மஸ்கட்ல சேஃப்டி ஆபீசர், கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே சாருக்கு போன் போட்டு பேசியிருக்காரு.

பெரிய பதவிக்கு போனவங்கள பத்தி மட்டுமே எழுதுறத கொஞ்சம் குறைங்க. கலெக்டர் ஆனவரு, கம்பெனி சிஇஓ ஆனவரு கதை நல்லாத்தான் இருக்கும், தப்பு சொல்லல, ஆனா மாசாமாசம் அதே வந்தா மத்தவங்களுக்கு 'நாம இதுல வர மாட்டோம்'னு தோணிடும். ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்ச ஹிஸ்டரி ஸ்டூடண்ட், ஆடு வளக்குற எம்காம், இவங்க கதைக்கு கமெண்ட் அதிகம் வருது.

யாராவது தவறிட்டா செய்தி போடலாமா?

போடணும், ஆளுங்க முக்கியமா எதிர்பாக்குறதே அத. ஆனா குடும்பத்துல ஒருத்தர்கிட்ட பேசி உறுதி பண்ணாம போடவே கூடாது, ஒரே பேர்ல ரெண்டு சார் இருப்பாங்க, வேற ஊர்ல வேற ஆளு இறந்திருப்பாரு. படம், டிபார்ட்மெண்ட், எந்த வருஷம் வரைக்கும் வேலை பாத்தாங்க, எங்க எப்போ எடுக்கிறாங்க. அவ்வளவு போதும், கவிதை வேணாம்.

ஆன்லைன் மீட்டிங் போட்டா பன்னெண்டு பேர்தான் வர்றாங்களே?

ஏன் வரணும்னு காரணம் இருக்கணும்ல. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரைன்னு மேடை நிகழ்ச்சிய அப்படியே ஜூம்ல வச்சா யாரும் தங்க மாட்டாங்க. ஜூம் ஃப்ரீ அக்கவுண்ட்ல 40 நிமிஷத்துல கட் ஆயிடும், கூகுள் மீட் ஃப்ரீல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம். வரவேற்புரை முடியுறதுக்கே 40 நிமிஷம் ஆன மீட்டிங் எல்லாம் பாத்திருக்கேன்.

எங்களுக்கு நல்லா போனது 'திரும்ப ஒரு கிளாஸ்'. ஒரு பழைய சார், ஒரு டிபார்ட்மெண்ட், ஒரு மணி நேரம். சார் முதல்ல அட்டெண்டன்ஸ் எடுப்பாரு, பழைய நாமினல் ரோல் வரிசையிலயே. எடுத்த உடனே 'கேமராவ ஆன் பண்ணுங்கப்பா, மூஞ்சிய பாக்கணும்'பாரு. 55 வயசு ஆள், பேங்க் மேனேஜர், பேர் கூப்பிட்டதும் சட்டுன்னு நிமிந்து உக்காந்து 'உள்ளேன் ஐயா'ங்கிறாரு, பின்னாடி பேத்தி எட்டிப் பாக்குது. வராதவங்க பேர் வரும்போது மத்தவங்க சொல்லுவாங்க, அவன் ஓமன்ல இருக்கான் சார், அவ ராஜபாளையத்துல டீச்சர் சார், அவன் தவறிட்டான் சார்னு. இருபது நிமிஷம் பாடம், மிச்சம் அரட்டை. அரட்டைய யாரும் நெறிப்படுத்த வேணாம்.

எல்லா நாட்டுலயும் ஆளு இருக்காங்க, எந்த கிழமை எத்தன மணிக்கு வைக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம் 7.30. அப்போ துபாய்ல 6 மணி, சிங்கப்பூர்ல ராத்திரி 10, லண்டன்ல மத்தியானம் 2 (கோடையில 3), நியூ ஜெர்சியில காலைல 9 (கோடையில 10). கலிபோர்னியாக்காரங்களுக்கு விடியகாலம், ஆஸ்திரேலியாவுல நடு ராத்திரி, அவங்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை ஏன் வேணாம்னா சவுதி, கத்தார், குவைத்ல வெள்ளி சனிதான் லீவு, ஞாயிறு வேலை நாள். துபாய் 2022-ல சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு. ஆக எல்லாருக்கும் பொதுவான லீவு சனிதான். நம்ம ஊர்ல சனிக்கிழமை கடை, ஸ்கூல் இருந்தாலும் 7.30-க்கு வந்துடலாம்.

நேர்ல கூடுறதுக்கு எந்த மாசம் நல்லது?

ஆடியும் மார்கழியும். வேற யோசனையே வேணாம். முகூர்த்த மாசத்துல வச்சா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கல்யாணம் இருக்கும், மண்டபமும் கிடைக்காது, சமையல் மாஸ்டரும் கிடைக்க மாட்டாரு. ஆடி மார்கழியில கல்யாணம் கிடையாது. அதுக்கு மேல, கல்ஃப்ல ஸ்கூல் கோடை லீவு ஜூலை ஆகஸ்ட்ல வருது, குடும்பத்தோட ஊருக்கு வர்ற ஆளுங்க ஆடியில இங்கதான் இருப்பாங்க. அமெரிக்கா, சிங்கப்பூர் ஆளுங்க டிசம்பர் கடைசியில வருவாங்க, அது மார்கழி. நெல்லையில ஆடின்னா இன்னொரு சௌகரியம், குற்றாலத்துல சீசன், மீட் முடிஞ்ச மறுநாள் செட்டா கிளம்பிடலாம்.

லைவ் போடணுமா?

ஒரு சேனல் இருந்தா போடுங்க. மொபைல்ல இருந்து யூடியூப் லைவ் போக 50 சப்ஸ்கிரைபராவது வேணும், முதல் தடவ லைவ் ஆன் பண்ணினா ஆக்டிவேட் ஆக 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், விழா அன்னைக்கு காலைல போய் பட்டனை தேடாதீங்க. சத்தம் முக்கியம், மண்டப ஸ்பீக்கர் எதிரொலிய போன் மைக்ல புடிச்சா ஒரு வார்த்தை புரியாது, சவுண்ட் மிக்சர்ல இருந்து நேரா ஒயர் எடுங்க.

பணம் எப்போ கேக்கலாம்?

குரூப்ல சேர்ந்த முதல் வாரத்துல ஜிபே நம்பர் வந்தா அவ்வளவுதான், 'ஓ, இதுக்குத்தானா'ன்னு போயிடுவாங்க. ஒரு வருஷமாவது எதுவும் கேக்காம இருங்க. அப்புறமும் 'வளர்ச்சி நிதி'ன்னு பொதுவா கேட்டா வராது. பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாத பசங்க இத்தன பேரு, ஒருத்தருக்கு இவ்வளவு, கட்டிட்டா ரசீத காட்டுறோம்னு கேளுங்க. சென்னை ஐஐடி மாதிரி இடத்துல 25-வது வருஷ ரீயூனியன் பேட்ச் சேர்ந்து பெரிய தொகை குடுக்கிற வழக்கம் இருக்கு, நம்ம காலேஜ்லயும் அந்த 25-வது வருஷம் நல்ல சந்தர்ப்பம்தான், தொகை மட்டும் நம்ம அளவுக்கு இருக்கும்.

பணம் செயலாளர் சொந்த அக்கவுண்டுக்கு வரவே கூடாது. சங்கத்த 1975-ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டத்துல மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவு பண்ணிடுங்க, ஏழு பேர் இருந்தா போதும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கு தாக்கல் பண்ணணும். குடுக்கிறவங்க 80ஜி (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை) கேப்பாங்க, அதுக்கு வருமான வரித் துறை அனுமதி தனியா வாங்கணும். 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த சலுகை கிடையாது, புது வரி முறைய எடுத்தவங்களுக்கும் கிடையாது, இத முன்னாடியே சொல்லிடுங்க.

அமெரிக்காவுல இருக்கிற பிரண்டு டாலர்ல அனுப்புறேங்கிறான், வாங்கலாமா?

அவன் பாஸ்போர்ட் எதுன்னு கேளுங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற என்ஆர்ஐ தன்னோட சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. அமெரிக்க குடியுரிமை வாங்கிட்டான்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கிற அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு பணம்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டம்) பதிவு இல்லாம வாங்கினா சங்கத்துக்கு சிக்கல். அந்த பதிவுக்கு சங்கம் 3 வருஷமாவது செயல்பட்டிருக்கணும், பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்டுலதான் முதல்ல வந்து இறங்கணும். 'நம்ம பயதானே, என்ன ஆகப்போகுது'ன்னு வாங்கி போட்டுடாதீங்க, ஆடிட்டர ஒரு வார்த்தை கேளுங்க.

வேலை வாய்ப்பு போஸ்ட் போடலாமா?

போடலாம், ஆனா போடுற ஆளு அந்த கம்பெனியில வேலை பாக்குறவரா இருக்கணும். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டு போய் மியான்மர், கம்போடியாவுல ஆன்லைன் மோசடி கும்பல்கிட்ட விட்டுட்ட கதைல நம்ம தமிழ்நாட்டு பசங்களும் மாட்டியிருக்காங்க. வெளிநாட்டு வேலைன்னா ஏஜெண்ட் மத்திய அரசோட ஈ-மைக்ரேட் தளத்துல பதிவு ஆனவரான்னு பாத்துட்டு போடுங்க. 'ஃபார்வேர்டு பண்ணேன், எனக்கு தெரியாது'ங்கிறது இங்க செல்லாது.

கட்சி, சாதி விஷயம் வந்தா?

வரும். எங்க மாவட்டத்த பத்தி சொல்லணுமா. ஒரு தலைவர் குருபூஜை போஸ்டர ஒருத்தர் போட்டா பதிலுக்கு இன்னொருத்தர் போடுவாரு, முப்பது வருஷ சிநேகம் மூணு நாள்ல போயிடும். நாங்க போஸ்ட் யாருதுன்னு பாக்குறதில்ல, முன்னாள் தலைவரே போட்டாலும் டெலீட், ரெண்டாவது தடவ போட்டா ஒரு மாசம் வெளிய. அட்மின்ல மூணு பேர் இருக்கோம், மூணு பேரும் வேற வேற ஊரு, வேற வேற காலம், வேற வேற ஆளுங்க. அது தற்செயல் கிடையாது.

'நாக் வருது, அலும்னி லிஸ்ட் குடுங்க'ன்னு காலேஜ்ல கேக்குறாங்க. குடுக்கலாமா?

நாக்ங்கிறது காலேஜ்களுக்கு தரம் போடுற தேசிய அமைப்பு. அதோட மதிப்பீட்டுல 5-வது பிரிவுல முன்னாள் மாணவர் பங்களிப்புன்னு ஒரு பகுதி இருக்கு, அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ திடீர்னு நம்ம மேல பாசம் பொங்குது. குடுங்க, கோவிச்சுக்க வேணாம். நம்பர் லிஸ்ட் வேணாம், நடந்த நிகழ்ச்சி, வந்தவங்க எண்ணிக்கை, குடுத்த உதவி, பொதுக்குழு தீர்மானம் இத குடுங்க. கூடவே ஒரு கோரிக்கை வைங்க, சங்கத்துக்கு ஒரு ரூம், ஒரு பீரோ. கேட்டா கிடைக்கிற நேரம் அது ஒண்ணுதான்.

சின்ன பசங்க யாரும் வர்றதே இல்லையே?

22 வயசு பையனுக்கு மலரும் நினைவு எதுக்கு, அவன் இன்னும் அந்த நினைவுக்குள்ளதான் இருக்கான். அவனுக்கு தேவை சர்டிபிகேட். யுனிவர்சிட்டியில டிரான்ஸ்கிரிப்ட் வாங்குறது எப்படி, மார்க் ஷீட்ல பேர்ல எழுத்துப்பிழை இருந்தா யாரு கிட்ட போகணும், கன்வகேஷனுக்கு வர முடியலன்னா டிகிரி எப்படி வாங்குறது, கனடாவுக்கு அப்ளை பண்றவன் டிரான்ஸ்கிரிப்ட தானே அனுப்ப முடியாது, யுனிவர்சிட்டியில இருந்து நேரா அனுப்ப வைக்கணும், இந்த மாதிரி விவரத்த ஒரு பக்கத்துல எழுதி வைங்க. எங்க தளத்துல அதிகமா தேடி வர்ற பக்கம் அதுதான். அத படிக்க வந்தவன் அப்படியே சேர்ந்துக்கிறான். டிஎன்பிஎஸ்சி பாஸ் ஆன சீனியர் ஒருத்தர் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சந்தேகம் சொல்றாருன்னா அதுக்கும் வருவாங்க, இன்ஸ்டால போட்டா போதும்.

காலேஜ் குடுத்த மெயில் ஐடிய மட்டும் வாங்கி வச்சிட்டு இருக்காதீங்க, படிப்பு முடிஞ்சதும் அது செத்துடும். ஃபைனல் இயர் பசங்க டிசி வாங்க ஆபீசுக்கு வந்துதான் ஆகணும், அந்த வாரம் ஆபீஸ் வாசல்ல ஒரு க்யூஆர் கோடு ஒட்டி, பக்கத்துல ஒரு தம்பிய உக்கார வைங்க. சொந்த நம்பர், கூடவே வீட்டு நம்பர் ஒண்ணு. பையன் நம்பர் ஆறு மாசத்துல மாறிடும், அம்மா நம்பர் மாறாது.